இடது பக்கம்

எட்செல் கபாங்பாங்குக்கு நாற்பத்தொரு வயது. இன்னும் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அது பாதிக் காரணம். வேறு எந்தத் தொழிலும் தெரியாது என்பது மீதிப் பாதி. மணிலாவை அடுத்த தைதாய் பக்கம் எந்தப் பேட்டையில் திருவிழா என்றாலும் யாராவது ஒரு கவுன்சிலர் தன் பெயர் போட்ட ஜெர்சியைக் கொடுத்து அவனைக் கூட்டிக்கொண்டு போவார். தகரக் கூரை போட்ட மைதானம், நாலு பக்கமும் சனம், ஓரத்தில் மீன் உருண்டை பொரிக்கிற வண்டி. மணிலாவின் பெரிய லீகில் பதின்மூன்று வருஷம் ஆடியவர் என்று மைக்கில் சொல்வார்கள். எத்தனை அணிக்கு ஆடினார் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். ஒன்பது அணி. சொன்னால் சனம் சிரிக்கும்.

அன்றும் அப்படி ஒரு மத்தியான ஆட்டம். வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரணிப் பையன் ஒருத்தன் எட்செலைத் தாண்டி இரண்டு முறை ஓடிவிட்டான். சுவர் மேல் உட்கார்ந்திருந்த ஒருவன் விடவில்லை.

"தாத்தாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா. நின்னு நின்னு கால் வலிக்குது பாரு."

"காசு குடுக்காம பாக்குறவன் வாயைத் தொறக்கக் கூடாது," என்றான் எட்செல், திரும்பாமலே.

"காசு குடுத்திருந்தா திருப்பிக் கேட்டிருப்பேன் அண்ணே."

எட்செலுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு நிமிர்ந்தபோதுதான் மைதானத்தின் வாசலில் ஆரிஸ் நிற்பதைப் பார்த்தான். கைத்தடியை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலில் போட்டு நின்றான். எட்செலின் கண் தானாக அந்த இடது காலுக்குப் போனது. ஆரிஸைப் பார்க்கும்போதெல்லாம் இப்படித்தான். ஆறு வருஷமாக.

ஆட்டம் முடிந்ததும் ஆரிஸ் நொண்டிக்கொண்டே வந்து அவன் முதுகில் ஒன்று போட்டான்.

"கும்பாரே, இன்னும் மூச்சு இருக்கா?"

ஒருவன் பிள்ளைக்கு இன்னொருவன் ஞானத்தகப்பனாக நின்றால், அப்புறம் இருவருக்கும் பெயர் கிடையாது. 'கும்பாரே'தான். ஆரிஸின் மகள் கிளாரிஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது மெழுகுவர்த்தி பிடித்தவன் எட்செல்.

"இருக்கு. நீ எதுக்கு இந்த வெயில்ல வந்தே? போன் பண்ணியிருக்கலாம்ல?"

"போன்ல கேக்குற விஷயமா இது? கிளாரிஸுக்குப் பதினெட்டு ஆகுது. வர்ற சனிக்கிழமை. ஆன்திபோலோவில மண்டபம் பிடிச்சாச்சு. மத்தியான வாடகைதான் நம்ம கைக்கு எட்டுச்சு, அதனால விருந்து மூணு மணிக்கு."

"வந்துடுறேன்."

"வர்றது பெருசில்ல. கடைசி ரோஜா நீதான்."

எட்செல் துடைத்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே கழுத்தில் வைத்துக்கொண்டு நின்றான். பெண்ணுக்குப் பதினெட்டு ஆனால் பதினெட்டு ஆண்கள், ஆளுக்கு ஒரு ரோஜா கொடுத்து, ஒரு சுற்று ஆட வேண்டும். மாமன், சித்தப்பா, பள்ளித் தோழன் என்று வரிசையாக ஆடுவார்கள். பதினெட்டாவது ரோஜா பெற்ற தகப்பனுடையது. தகப்பன் செத்துப்போயிருந்தால்தான் அதை இன்னொருவன் ஏந்துவான்.

"அது உன்னோடது," என்றான் எட்செல்.

"என்னோடதுதான். இந்தக் கால் ஒத்துக்கணுமே. நேரா நடக்கலாம், திரும்பக் கூடாதுங்குறார் டாக்டர். திரும்பினா மறுபடி கத்திதான். சபைக்கு நடுவுல விழுந்து வெச்சா புள்ளைக்கு அவமானம்."

"உன் தம்பி இருக்கானே."

"தம்பி குடிச்சுட்டு வருவான். நீதான் ஞானத்தகப்பன். என் கால் போன அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னைவிட அதிகமா அழுதது நீ. வேற யாரை நான் கேக்குறது?"

எட்செல் சரி என்றான். வேறு என்ன சொல்வது.

இந்த இடத்தில் எட்செலின் பிழைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூடைப்பந்து உலகத்தில் நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். அணிகள் தங்களுக்குள் நட்சத்திரங்களை மாற்றிக்கொள்ளும்போது கணக்கு நேராவதற்காகக் கூடச் சேர்த்துத் தள்ளிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். காய்கறிக்காரி கொடுக்கிற கொசுறு கொத்தமல்லி மாதிரி. எட்செல் கொசுறு. டயர் கம்பெனி அணியிலிருந்து சோப்பு கம்பெனி அணிக்கு, அங்கிருந்து சிமென்ட், அங்கிருந்து சார்டின் மீன் என்று போய்க்கொண்டே இருந்தான். ஒருமுறை தன்னை மாற்றிவிட்ட செய்தியை ஜீப்னி வண்டியில் ஓடிய வானொலியில்தான் கேட்டான். பக்கத்தில் இருந்தவர், "யாரு சார் இந்தக் கபாங்பாங்?" என்று அவனிடமே கேட்டார். "தெரியல சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டான்.

கூடைக்குள் பந்து போடுவதில் அவன் பெரிய ஆள் இல்லை. மறிப்பதில் கெட்டிக்காரன். எதிரியின் உடம்பைப் பார்த்தே அடுத்த அடி எங்கே விழும் என்று சொல்லிவிடுவான். அந்தக் கண்ணுக்காகத்தான் ஒவ்வொரு அணியும் அவனை ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வைத்துக்கொண்டது.

ஆறாவது அணி சார்டின் அணி. அங்கே நட்சத்திரம் ஆரிஸ். முன்பே பழக்கம்தான், அந்த இரண்டு வருஷத்தில் ஒரே வீடு மாதிரி ஆகிவிட்டார்கள். எட்செலுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆரிஸ் வீட்டில் அவனுக்கென்று ஒரு தட்டு இருந்தது. ஆரிஸின் மனைவி மாயெட் அதில் வேறு யாருக்கும் சோறு போட மாட்டாள்.

அந்த இரண்டாவது வருஷம் ஆரிஸின் இடது முட்டி கெட்டது. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற சமயம். கம்பெனிக்குத் தெரிந்தால் பாதிச் சம்பளம். அதனால் அதை மறைத்தான், மாயெட்டிடம் கூட. தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். ஒன்று ஆரிஸ். இன்னொன்று அணியில் இருபது வருஷமாகக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த கார்டிங் என்ற மசாஜ்காரர். விடிகாலையில் அவர் வீட்டுக்கு ஆரிஸைக் காரில் கூட்டிப்போய், இஞ்சி காய்ச்சிய தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்க்கிறவரை வாசலில் காவல் இருந்தது எட்செல்.

"வலது பக்கம் திரும்பினா ஒண்ணும் இல்ல," என்பார் கார்டிங், முட்டியை உருட்டிக்கொண்டே. "இடது பக்கம் திரும்பி ஊன்றினியோ, அன்னிக்கு முடிஞ்சுது. ஞாபகம் வெச்சுக்க."

ஆரிஸ் ஞாபகம் வைத்துக்கொண்டானோ இல்லையோ, எட்செல் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு தொடரின் நடுவில், வழக்கம்போல ஒரு நெட்டைக்காரனோடு கொசுறாக, எட்செலைப் பெயிண்ட் கம்பெனி அணிக்குத் தள்ளிவிட்டார்கள். ஏழாவது அணி. செமிஃபைனலில் பெயிண்டும் சார்டினும் மோத வேண்டி வந்தது. முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் கோச் ஒலிவார் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

இது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. அணி மாறினால் பழைய அணியின் ஆட்டத்தைப் புது கோச்சிடம் சொல்ல வேண்டும். விரலை மடக்கினால் என்ன அர்த்தம், காதைத் தொட்டால் பந்து யாருக்குப் போகும், எல்லாம். யாரும் இதைத் துரோகம் என்று நினைப்பதில்லை. உன்னைத் தள்ளிவிட்டவனுக்கு நீ என்ன விசுவாசம் காட்டுவது? ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் முதல் வருஷப் பையனுக்குக் கூடத் தெரியும். ஆட்டத்தைச் சொல்லலாம், உடம்பைச் சொல்லக் கூடாது. யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வராது.

எட்செல் ஆட்டத்தைச் சொன்னான். ஒலிவார் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இதெல்லாம் வீடியோவிலயே இருக்கு. நேத்து நான் சாப்பிட்ட சோத்தை இன்னிக்கு எனக்கே பரிமாறுறியா? வேற ஏதாவது இருந்தா சொல்லு."

"அவ்வளவுதான் கோச்."

"சரி. போ." அவர் காகிதங்களைத் திருப்ப ஆரம்பித்தார். பிறகு தலை தூக்காமலே சொன்னார். "இந்தத் தொடரோட உன் கான்ட்ராக்ட் முடியுதுல்ல? வயசு முப்பத்தஞ்சா?"

கதவுப்பிடியில் கை வைத்தவன் திரும்பினான். அந்த இடத்தில் அவன் வெளியே போயிருந்தால் இந்தக் கதை இல்லை. பயம் அவனைத் திருப்பியது. அவன் பின்னாளில் இதற்கு எத்தனையோ பெயர் வைத்துப் பார்த்தான், தொழில் தர்மம் என்று கூட. ஆனால் அது பயம்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பயம்.

"ஆரிஸை இடது பக்கம் தள்ளுங்க," என்றான். "இடது முட்டி. வலது பக்கத்தை மூடிட்டா அவன் திரும்பி ஊன்றியே ஆகணும். ஊன்ற முடியாது."

ஒலிவார் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். "உட்காரு," என்றார்.

முதல் ஆட்டத்தில் நடந்ததை எட்செல் வாழ்நாளில் மறக்க முடியாது. பழக்கம் பொல்லாதது. நாலு நிமிஷம் ஆடினான், விசில் அடித்ததும் வியர்வை கண்ணில் வழிய நேராகப் பழைய அணியின் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். அரங்கமே கைகொட்டிச் சிரித்தது. ஆரிஸ் அவனுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக் குடிக்கவிட்டு, தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

"கும்பாரே, உன் வீடு இப்ப அந்தப் பக்கம்."

எட்செல் அந்தத் தண்ணீரைக் குடித்தான். முந்தின நாள்தான் ஆரிஸின் காலை விற்றிருந்தான், அன்று அவன் கையால் தண்ணீர் குடித்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் பெயிண்ட் அணியின் மறிப்பாளர்கள் இரண்டு பேரும் அனுமதித்த ஃபவுல்கள் தீர்ந்து வெளியேறினார்கள். ஒலிவார் எட்செலைப் பார்த்து, "நீயே போ," என்றார். எட்செல் போனான். ஆரிஸின் எதிரே குனிந்து, வலது பக்கத்தைக் கதவு சாத்துகிற மாதிரி மூடி நின்றான். ஆரிஸ் பந்தைத் தட்டிக்கொண்டே சிரித்தான். நண்பன் சேட்டை பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டான். இடது பக்கம் திரும்பினான். ஊன்றினான்.

விசில் ஊதவில்லை. எட்செலின் கை அவன் மேல் படவே இல்லை. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது ஆரிஸ், "உன் மேல தப்பில்லடா, நான்தான் சறுக்கிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே போனான். எட்செலுக்கு அதே பெயிண்ட் கம்பெனி இன்னொரு கான்ட்ராக்ட் போட்டது. ஆரிஸ் அதன் பிறகு ஆடவே இல்லை.

இதோடு நின்றிருந்தால் ஒரு பாவம். நிற்கவில்லை. பெயிண்ட் அணி தங்கிய அறையில் வெள்ளைப் பலகையை யாரும் அழிக்காமல் போய்விட்டார்கள். 'ஏழாம் எண். இடது முட்டி. இடது பக்கம் தள்ளு.' ஏழு ஆரிஸின் ஜெர்சி எண். கூட்டிப் பெருக்க வந்தவன் அதைப் போனில் படம் எடுத்தான். ஒரு வாரத்தில் ஊரெல்லாம் அந்தப் படம். யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் மூன்று பேர். ஆரிஸ் தானே சொல்லியிருக்க மாட்டான். எட்செல் அந்த அணியிலேயே இருந்தாலும் ஞானத்தகப்பன், ஆஸ்பத்திரியில் அழுதவன், அவனை ஆரிஸ் சந்தேகிக்கவே இல்லை. மிச்சம் கார்டிங்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சூதாடிகளிடம் காசு வாங்கியிருப்பார் என்றார்கள். கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த கிழவரை ஆரிஸ் கட்டிலில் இருந்தபடியே அறைந்தான். இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையை எட்செல்தான் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் கும்பாரே, வயசானவரு," என்றான்.

கார்டிங் கன்னத்தைத் தடவிக்கொண்டு எட்செலைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். மூன்றில் இரண்டு போனால் மிச்சம் யார் என்று கணக்குப் போட அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொல்லவில்லை, எட்செலும் சொல்லவில்லை.

எட்செல் கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துபார்த்தான். மரிகினாவில் ஒரு சாமியார், "பாதிக்கப்பட்டவங்ககிட்ட முதல்ல சொல்லு. அப்புறம் இங்க வா," என்றார். எட்செல் வேறு கோயிலுக்குப் போனான். அணி மாறியவனுக்குக் கோயில் மாறுவதா கஷ்டம். அங்கே பத்து ஜெபம் சொல்லச் சொன்னார்கள். வண்டிக்கு வருவதற்குள் பத்தும் முடிந்துவிட்டது. பாவம் மட்டும் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை வந்தது. எட்செல் கஞ்சி போட்ட வெள்ளைப் பாரோங் சட்டையோடு மண்டபத்துக்குப் போனான். வாசலில் பலூன் வளைவு, உள்ளே முழுப் பன்றி வறுவல், தட்டுத் தட்டாகப் பன்சித் நூடுல்ஸ். மாயெட் அவனைப் பார்த்ததும் குடும்ப மேஜையில் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"உன் தட்டை வீட்டுல இருந்தே கொண்டாந்துட்டேன். வாடகைத் தட்டுல நீ சாப்பிட மாட்டேன்னு தெரியும்."

பூப்போட்ட விளிம்பு உள்ள பழைய தட்டு. எட்செல் உட்கார்ந்தான். அதில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

ரோஜா ஆட்டம் ஆரம்பித்தது. கிளாரிஸ் நீல நிற கவுனில் நடுவில் நின்றாள். அப்பாவின் உயரம் அப்படியே வந்திருந்தது. முதல் ரோஜா, இரண்டாவது ரோஜா என்று மைக்குக்காரன் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போய் ஆடினார்கள். தம்பிக்காரன் ஆடும்போது சனம் சிரித்தது. சொன்ன மாதிரியே குடித்திருந்தான். பதினான்காவது ரோஜா போனபோது ஆரிஸ் எட்செலைக் கண்ணால் கூப்பிட்டான். மேடைக்குப் பக்கத்தில் சாமான் வைத்திருக்கிற சின்ன அறை. மேஜை மேல் ஒரு வாளியில் ஒற்றை ரோஜா இருந்தது. அதன் பக்கத்தில் பழைய ரம் பாட்டில் ஒன்றில் மஞ்சளாக என்னவோ.

எட்செல் மூடியைத் திறக்காமலே தெரிந்துகொண்டான். இஞ்சி வாசனை.

"கிழவன் அனுப்பியிருக்கான்," என்றான் ஆரிஸ். "யாரோ சொல்லியிருக்காங்க விருந்தைப் பத்தி. மூணு நாள் தேய்ச்சா ஒரு பாட்டுக்குத் திரும்பலாம், புள்ளையோட ஆடுன்னு எழுதி அனுப்பியிருக்கான். அந்த மனுசனுக்கு என்ன நெஞ்சழுத்தம் பாத்தியா? காலை வித்துட்டு எண்ணெய் அனுப்புறான்."

"தேய்ச்சியா?"

"மாயெட் தேய்ச்சுவிட்டா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்." ஆரிஸ் ரோஜாவை எடுத்து நீர் சொட்ட அவனிடம் நீட்டினான். "அவன் மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னிக்கு இதை நானே எடுத்துட்டுப் போயிருப்பேன். இந்தா."

எட்செல் வாங்கவில்லை. கை வரவில்லை. ஆறு வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தது அந்த ஒரு நிமிஷத்தில் தூக்க முடியாததாகிவிட்டது.

"கும்பாரே. அது கார்டிங் இல்ல."

"எது?"

"முட்டி விஷயம் சொன்னது. நான்தான் ஒலிவார்கிட்ட சொன்னேன்."

வெளியே பதினாறாவது ரோஜா என்று மைக்கில் கூப்பிட்டார்கள். ஆரிஸ் ரோஜாவை நீட்டிய கையை மடக்கவில்லை.

"விளையாடாதே."

"விளையாடல."

"அன்னிக்கு நீ வலது பக்கத்தை மூடிட்டு நின்னே."

"ஆமா."

"நான் சிரிச்சேன்டா. நீ சேட்டை பண்றேன்னு நெனச்சு சிரிச்சேன்."

"தெரியும்."

"எதுக்குடா?"

"இன்னொரு கான்ட்ராக்ட் குடுப்பாங்கன்னு."

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"எத்தனை மாசம்?"

இதைவிடப் பெரிய எண்ணாக இருந்திருந்தால் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

"நாலு மாசம்."

"நாலு மாசம்," என்றான் ஆரிஸ். பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனவன் உட்காரவில்லை. "நான் கார்டிங்கை அறைஞ்சப்ப என் கையைப் பிடிச்சது யாரு?"

"நான்."

"வயசானவருன்னு சொன்னே."

"ஆமா."

"என்னை மொதலாளி ஏமாத்தியிருக்கான், ஏஜென்ட் ஏமாத்தியிருக்கான். ஒருத்தன் கூட இப்படி என் கையைப் பிடிச்சுத் தடுத்து நல்லவன்னு பேர் வாங்கினதில்ல."

எட்செலுக்குக் கண் நிறைந்தது. அழுதால் ஆஸ்பத்திரியில் அழுதது போலாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். மைக்குக்காரன் பதினெட்டாவது ரோஜா என்று இழுத்து இழுத்துக் கூப்பிட்டான். எட்செலின் பெயரையும் சொன்னான். சனம் கைதட்டியது.

ஆரிஸ் கைத்தடியை எட்செலின் நெஞ்சில் அழுத்தினான்.

"இதைப் பிடி."

ரோஜாவோடு அவனே வெளியே போனான். மேஜையைப் பிடித்து, நாற்காலி முதுகுகளைப் பிடித்து, பிறகு பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு வந்து ஒரு நொடி நின்றான். மாயெட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கிளாரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானத்தகப்பனான நினோங் வருவார் என்று நின்றிருந்த பெண்ணுக்கு அப்பாவே வந்துவிட்டார். ரோஜாவை வாங்கி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சனமும் அழுதது. நல்ல காட்சிதான், காரணம் தெரியாதவர்களுக்கு.

பாட்டு ஓடியது. எட்செல் கைத்தடியோடு அறை வாசலில் நின்றான். அவனுக்குப் பாட்டு கேட்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் ஆரிஸின் இடது காலைத்தான். பதின்மூன்று வருஷம் சோறு போட்ட கண். அடுத்த அடி எங்கே விழும் என்று அதற்கு இன்னும் தெரிந்தது. ஆரிஸ் நின்ற இடத்திலேயே அசைந்தான். வலது காலில் சாய்ந்தான். மெதுவாக வலது பக்கம் கால்வாசிச் சுற்று திரும்பினான். நெற்றியில் வியர்வை.

அப்போது கிளாரிஸ் சிரித்தாள். சந்தோஷம் அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. அப்பாவின் கையை உயரத் தூக்கி, அவரை அடுத்த பக்கம் சுற்றிவிடப் பார்த்தாள்.

இடது பக்கம்.

"வலது பக்கம்மா," என்றான் எட்செல். தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவன் நினைக்கவில்லை. "கிளாரிஸ், வலது பக்கம் திருப்பு. வலது பக்கம்."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் புரியாமல், ஆனால் நினோங் சொன்னால் கேட்கிற பழக்கத்தில், கையை மாற்றி வலது பக்கம் திருப்பினாள். ஆரிஸின் இடது கால் தரையில் இழுபட்டு வந்து சேர்ந்தது. விழவில்லை. மகளின் தோளுக்கு மேலாக அவன் எட்செலைப் பார்த்தான். பாட்டு முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தான். இந்தச் சொல்லை அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே என்று அந்தப் பார்வை கேட்டது. ஒலிவாரின் அறையில் வேண்டாம், மைதானத்தில் அந்த ஒரு நொடியிலாவது, குனிந்து நின்றபோது, வலது பக்கம் வா என்று ஒரு அடி விலகியிருக்கலாமே.

கைதட்டல் ஓய்ந்ததும் கிளாரிஸ் அப்பாவைத் தாங்கிக் கூட்டிவந்தாள். ஆரிஸ் அவளை அம்மாவிடம் அனுப்பிவிட்டுக் கையை நீட்டினான். எட்செல் அவசரமாகத் தன் கையை நீட்டினான். ஆரிஸ் கேட்டது கைத்தடி. அதை வாங்கி ஊன்றிக்கொண்டான்.

"அந்த எண்ணெய் பாட்டிலை எடுத்துக்க," என்றான், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். "கார்டிங் மரிகினா சந்தைக்குப் பின்னால ஒத்தை ரூம்ல இருக்காராம். போய் நீயே சொல்லு."

"சொல்றேன்."

"அவரு அறைஞ்சாலும் அறைவாரு. இந்தத் தடவை கையைப் பிடிக்க யாரும் வர மாட்டாங்க."

"சரி கும்பாரே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எட்செல் உள்ளே போய் பாட்டிலை எடுத்துக்கொண்டான். வெளியே வந்தபோது சாப்பாடு மறுபடி ஆரம்பித்திருந்தது. பன்றி வறுவலைச் சுற்றி சனம் மொய்த்தது. அவன் என்ன நினைத்துக்கொண்டு நடந்தான் என்று அவனுக்கே தெரியாது. கால் பழகின இடத்துக்குப் போனது. குடும்ப மேஜையில், பூப்போட்ட விளிம்புத் தட்டுக்கு முன்னால், நாற்காலியை இழுத்துவிட்டான். மாயெட் ஒன்றும் அறியாமல் அந்தத் தட்டில் பன்சித் அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் விழுந்த அதே கை. அது அவனைத் தட்டிலிருந்து வாசலைப் பார்க்கத் திருப்பியது.

"அந்தப் பக்கம்," என்றான் ஆரிஸ்.